பெயர் முதலில், காரணம் பிறகு: மிகைபுனைவுப் பெயர்களின் தொன்ம வேரைத் தேடத் தொடங்குவோருக்கு

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற பாகுபாடு நினைவிருக்கும். மரம் என்பது இடுகுறி. பறப்பதால் பறவை என்று அழைப்பது காரணம். மிகைபுனைவு (ஃபேண்டஸி) நாவல்களில் வரும் பெயர்களை ஆராயப் புகுபவர் இந்தப் பழைய பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை எளிதாகிவிடும். ஏனெனில் இவ்வகைக் கதைகளின் தேர்ந்த எழுத்தாளர்கள், ஏதோ ஒரு தொன்ம நூலில் காரணம் மறந்துபோய் வெறும் இடுகுறியாகக் கிடக்கும் பெயரை எடுத்து, தம் கதைக்குள் அதற்குப் புதிதாக ஒரு காரணத்தைப் படைத்துவிடுகிறார்கள். ஆகவே தேடுபவருக்கு வேலை இரண்டு: பெயர் எங்கே கிடந்தது என்று கண்டுபிடிப்பது ஒன்று, எடுத்தவர் அதற்கு என்ன காரணம் கற்பித்தார் என்று பார்ப்பது மற்றொன்று. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பட்டியல்கள் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. அந்த முதல் வேலையையும் அவை பல நேரங்களில் அரைகுறையாகவே செய்கின்றன.

இந்தக் கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாக 1937இல் வெளிவந்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலை எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் பதின்மூன்று குள்ளர்களில் பன்னிருவரின் பெயர்களும் மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரும் வந்த வழி ஐயமில்லாமல் ஆவணப்பட்டிருப்பதால், புதியவர் பழகுவதற்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. மற்ற நாவல்களைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்வேன்.

முதற்படி: பெயரை மூல எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொள்ளுங்கள்

தமிழில் வாசிப்பவருக்கு இது முதல் தடை. நம் எழுத்தில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ‘த’, ‘ட’, ‘க’ ஆகியவையும் அப்படியே. குள்ளர்களில் ஒருவரின் பெயரைப் ‘பாலின்’ என்று தமிழில் எழுதிவிட்டால், அது பாலின் சுவை என்பதில் வரும் வேற்றுமைச் சொல்லா, வல்லொலியில் தொடங்கும் பெயரா, மெல்லொலியில் தொடங்கும் பெயரா என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே ஆங்கிலப் பதிப்பில் உள்ள எழுத்துகளை அப்படியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். அதோடு நின்றுவிடாமல் மூலநூலின் மொழியிலும் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘தோரின்’ என்ற பெயரின் முதலெழுத்துக்கு, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் தனியாக ஓர் எழுத்து உண்டு. அது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளாகவும் சில பழைய மொழிபெயர்ப்புகளில் வெறும் ‘ட’கரமாகவும் மாறிவிடுவதால், அதை அறியாதவர் அகரவரிசையில் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

பெயரின் எல்லாப் பகுதிகளையும், கதையில் அந்த மாந்தருக்கு வழங்கும் பட்டப்பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீல் கெய்மனின் ‘அமெரிக்கன் காட்ஸ்’ (2001) நாவலில் ‘லோ கீ லைஸ்மித்’ என்றொரு சிறைக்கைதி வருகிறார். எழுத்தில் பார்த்தால் அது ஒரு விசித்திரமான பட்டப்பெயர். உரக்கச் சொன்னால் நார்ஸ் தொன்மத்தின் வஞ்சகத் தெய்வமான லோகி வெளிப்பட்டுவிடுகிறார். அதே நாவலில் ‘திருவாளர் புதன்கிழமை’ என்ற பொருள்படும் பெயரோடு வரும் கிழவர் யார் என்பதற்கு விடை கிழமையின் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. அது வோடன், அதாவது ஓடின், என்ற தெய்வத்தின் நாள். உரோமர்கள் மெர்க்குரிக்குக் கொடுத்திருந்த நாளை ஜெர்மானியர்கள் தம் வோடனுக்குக் கொடுத்தார்கள். அந்த மெர்க்குரி கோளைத்தான் நாம் புதன் என்கிறோம். கிழமைகளின் வரிசை உலகைச் சுற்றி வந்ததால், ஓடினும் புதனும் ஒரே நாளில் அமர்ந்திருக்கிறார்கள். இதைக் கண்டவுடன் இரு தெய்வங்களும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பொதுவானது நாள் மட்டும்தான்.

இரண்டாம்படி: புராணத்துக்குப் போகும் முன் அகராதிக்குப் போங்கள்

புதியவர்கள் செய்யும் பிழைகளில் அதிகமாகக் காண்பது இதுதான்: பெயர் அயலாக ஒலித்தால் அது ஏதோ தெய்வத்தின் பெயராகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுவது. சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளில் வரும் சிங்கத்தின் பெயர் அஸ்லான். இதற்கு மூலமான தொன்மம் எதையும் தேட வேண்டியதில்லை. துருக்கிய மொழியில் சிங்கம் என்பதற்கான சாதாரணச் சொல் அது. அரேபிய இரவுக் கதைகளுக்கு எட்வர்ட் லேன் எழுதிய குறிப்புகளில் அதைக் கண்டதாக லூயிஸே 1952இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். டோல்கீனின் ரோகன் நாட்டு அரசர் தியோடனின் பெயரும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது தலைவன், அரசன் என்று பொருள்படும் பொதுச்சொல். 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவருக்கு அது எவ்வளவு பழகிய சொல்லாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னும் வேடிக்கையானது ‘ஷிலோப்’ என்ற பெருஞ்சிலந்தியின் பெயர். ஏதோ மத்தியக் கிழக்கின் பழந்தெய்வம் போல ஒலிக்கும் அந்தப் பெயர், பெண்பாலைக் குறிக்கும் சுட்டுப்பெயரையும் சிலந்தியைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லையும் ஒட்டவைத்தது, அவ்வளவே என்று 1944ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவர் சொல்கிறார்.

பெயரின் ஒரு பாதி தொன்மமாகவும் மறுபாதி அகராதியாகவும் இருப்பதும் உண்டு. ஹாரி பாட்டர் நாவல்களில் பள்ளியின் காவலாளி ஆர்கஸ் ஃபில்ச். ஆர்கஸ் என்பது கிரேக்கத் தொன்மத்தில் உடலெங்கும் கண்கள் கொண்ட காவலன்; ஃபில்ச் என்பது சில்லறைத் திருட்டைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். எந்நேரமும் வேவு பார்த்து, மாணவர்களின் பொருட்களைப் பறித்து அடுக்கிவைக்கும் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்துகின்றன. ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் நகைச்சுவை கைநழுவிவிடும்.

மூன்றாம்படி: மூலநூலின் வரியைக் கண்ணால் பாருங்கள்

சுருக்கங்களையும் தொகுப்புகளையும் நம்பாமல், பெயர் வரும் பழைய வரியையே தேடிப் படிப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதற்காகப் பழைய நார்ஸ் மொழியைக் கற்க வேண்டியதில்லை. நல்ல மொழிபெயர்ப்பும் பொறுமையும் போதும். ‘தி ஹாபிட்’ நாவலின் பெயர்கள் கவிதை எட்டா என்று அழைக்கப்படும் ஐஸ்லாந்துத் தொகுப்பின் முதற்பாடலான ‘வோலுஸ்பா’வில் உள்ளன. குறிசொல்பவளின் வாக்கு என்று அந்தத் தலைப்பைத் தமிழாக்கலாம். 1923இல் ஹென்றி ஆடம்ஸ் பெல்லோஸ் ஆங்கிலத்தில் செய்த மொழிபெயர்ப்பு பதிப்புரிமைக் காலம் கடந்தது, எளிதில் கிடைப்பது, தொடங்குவதற்குப் போதுமானது.

இந்தப் பாடலைத் தாங்கியுள்ள சுவடியின் கதையே தனி நாவலாகும். ஏறத்தாழ 1270ஆம் ஆண்டளவில் தோலில் எழுதப்பட்ட அந்தச் சிறு நூல் எங்கிருந்தது என்பதே தெரியாமல் நூற்றாண்டுகள் கிடந்து, 1643இல் பிரிஞ்ஜோல்வுர் ஸ்வெய்ன்சன் என்ற ஆயரின் கைக்கு வந்தது. அவர் 1662இல் அதை டென்மார்க் அரசருக்கு அனுப்பிவைத்தார். ஐஸ்லாந்து தனி நாடான பிறகும் கோபன்ஹேகனிலேயே இருந்த அந்தச் சுவடி 1971 ஏப்ரலில் கப்பல் ஏறி ஊர் திரும்பியது. இன்று எஞ்சியிருப்பவை 45 ஏடுகள். இடையில் எட்டு ஏடுகள் தொலைந்துபோயின. நம் பழந்தமிழ்ச் சுவடிகள் பரண்களிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதாக இராது. ஒரு கதைமாந்தரின் பெயர் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் இப்படியான தற்செயல்கள் இருக்கின்றன என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பாடலில் உலகம் படைக்கப்படும் கதை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரெனக் குள்ளர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று குறுக்கிடுகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றுக்குரியவர்கள் என்ன செய்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பட்டியல் பிற்காலத்தில் நுழைக்கப்பட்டதாக இருக்கலாம் என்று பெல்லோஸ் உள்ளிட்ட அறிஞர்கள் கருதியதுண்டு. கதைப்போக்கைத் தேடும் வாசகர் எரிச்சலோடு தாண்டிச் செல்லும் இந்தப் பகுதிதான் டோல்கீனுக்குச் சுரங்கமாக அமைந்தது. டுவாலின், ஃபீலி, கீலி, டோரி, நோரி, ஓரி, ஓயின், குளோயின், பிஃபர், போஃபர், பாம்பர், தோரின் என்று பன்னிரண்டு பேரை இங்கே காணலாம். சில பெயர்கள் ஓரெழுத்து மாறியிருக்கின்றன. தோரினின் தந்தை திராயினும் பாட்டன் துரோரும் இதே பட்டியலில் உள்ளவர்கள்தாம்.

வரியை நேரில் பார்ப்பவருக்கு மட்டும் கிடைக்கும் செய்திகள் இரண்டு. முதலாவது, ‘கேண்டால்ஃபர்’ என்ற பெயர் மந்திரவாதிகளுக்கிடையே இல்லை. இதே குள்ளர் பட்டியலில், ஒரு குள்ளனின் பெயராக நிற்கிறது. இரண்டாவது, தோரினின் அடைமொழியாக நாம் அறிந்த ‘ஓக் மரக் கேடயம்’ என்பது மூலத்தில் அடைமொழியே அன்று. ‘எய்கின்ஸ்கியால்டி’ என்று தனியொரு குள்ளனின் பெயர். டோல்கீன் இரு குள்ளர்களின் பெயர்களை ஒருவருக்கே சூட்டினார். சுருக்கங்களை மட்டும் படிப்பவர் இந்த இரண்டையும் அறியாமல் ‘குள்ளர் பெயர்கள் நார்ஸ் தொன்மத்திலிருந்து வந்தவை’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுவார். அந்த வரி தவறில்லை என்றாலும் அதில் சாரம் இல்லை. பதின்மூன்றாமவரான பாலின் பட்டியலில் இல்லை என்பதும் எண்ணிப் பார்த்தவருக்கே தெரியும். அவரிடம் பிறகு வருகிறேன்.

வேறு தொன்மங்களுக்கும் இப்படியான நூல்கள் உண்டு. கிரேக்க, உரோமத் தொன்மங்களுக்கு ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’, வேல்ஸ் நாட்டுக்கு ‘மபினோகியன்’ கதைகள், நார்ஸுக்குக் கவிதை எட்டாவோடு 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய உரைநடை எட்டா. தொடக்கத்தில் இவை நான்கும் கைவசம் இருந்தால் நெடுந்தூரம் போகலாம்.

நான்காம்படி: பெயர் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள்

பெயர் ஒரு தொன்ம நூலில் இருக்கிறது என்பதும் எழுத்தாளர் அதை அங்கிருந்து எடுத்தார் என்பதும் வெவ்வேறு செய்திகள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹெர்மயனி என்ற பெயர் கிரேக்கத் தொன்மத்தில் ஹெலனுக்கும் மெனலாஸுக்கும் பிறந்த மகளின் பெயர் என்று அறிந்த உற்சாகத்தில், டிராய் போருக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்கும் முடிச்சுப்போட்டு நண்பர்களிடம் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான், ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் வரும் அரசியிடமிருந்து அந்தப் பெயரை எடுத்ததாக அந்நாவல்களின் ஆசிரியர் ரௌலிங் நேர்காணலில் சொல்லியிருப்பது தெரிந்தது. ஷேக்ஸ்பியர் கைக்குப் பெயர் எப்படிப் போனது என்பது இன்னொரு தேடல். ஆனால் நாவலாசிரியரின் மேசைக்கு அது கிரேக்கத்திலிருந்து நேராக வரவில்லை.

வழியை நிறுவும் சான்றுகளில் முதலிடம் எழுத்தாளரின் சொந்தச் சொற்களுக்கு: கடிதங்கள், முன்னுரைகள், நேர்காணல்கள். டோல்கீன் 1938 பிப்ரவரியில் ‘தி அப்சர்வர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், குள்ளர்களின் பெயர்களும் மந்திரவாதியின் பெயரும் எட்டாவிலிருந்து வந்தவை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவருடைய கடிதங்களின் தொகுப்பு 1981இல் நூலாக வந்தது; இந்தத் துறைக்குள் நுழைபவர் வாங்க வேண்டிய முதல் நூல் அதுவே என்பது என் கருத்து. அடுத்த இடம் கையெழுத்து வரைவுகளுக்கு. ‘தி ஹாபிட்’ வரைவுகளை ஜான் ரேட்லிஃப் 2007இல் பதிப்பித்தபோது, தொடக்கத்தில் மந்திரவாதியின் பெயர் பிளடார்தின் என்றும், கேண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர் என்றும் விரிவாகத் தெரியவந்தது. அதாவது, முதலில் டோல்கீன் எட்டாவை அப்படியே பின்பற்றிக் குள்ளனுக்குக் குள்ளன் பெயரையே வைத்திருந்தார்; இடையில்தான் இடம் மாற்றினார். கழற்றப்பட்ட பிளடார்தின் என்ற பெயரை அவர் வீணாக்கவும் இல்லை. அச்சான நாவலில் எப்போதோ இறந்துபோன ஓர் அரசனின் பெயராக அது ஓரிடத்தில் எட்டிப்பார்க்கிறது.

எழுத்தாளரின் சொல் முதன்மையானதே தவிர, அதையும் சரிபார்க்க வேண்டும். ஹாரி பாட்டரின் எதிரியான வோல்டமார்ட்டின் பாம்பு நாகினி முதலில் வருவது 2000ஆம் ஆண்டு வெளியான நாவலில். 2018இல் அந்தப் பெயருக்கு விளக்கம் சொன்ன ரௌலிங், அது இந்தோனேசியத் தொன்மத்தின் நாகர்களிடமிருந்து வந்தது என்றார். அது பொய்யில்லை, சாவகத்தின் கலையிலும் கதையிலும் நாகங்கள் நிறையவே உள்ளன. ஆனால் நாகம் என்ற சொல்லும் நாகினி என்ற பெண்பால் வடிவமும் வடமொழியில் பிறந்து கடல் கடந்தவை என்பது எந்தத் தமிழ் வாசகருக்கும் சொல்லாமலே விளங்கும். இங்கே எழுத்தாளர் சொன்னது தாம் நீர் மொண்ட துறையை; ஊற்று எங்கே என்பதை நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். குறிப்பில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நம் வாசகர்களுக்கு மட்டும் உரிய ஒரு வசதியையும் இங்கே சொல்லிவிடலாம். அதே நாவல்களில் பார்வதி பாட்டீல், பத்மா பாட்டீல் என்ற இரட்டைச் சகோதரிகள் வருகிறார்கள். தெய்வப் பெயர்கள் என்பதால் அவற்றில் ஆழ்ந்த குறியீடு காண வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. தெருவுக்கு நான்கு முருகன்களும் லட்சுமிகளும் வாழும் நாட்டில் பிறந்த நமக்கு, தெய்வப் பெயர் சூட்டப்பட்டிருப்பது மட்டுமே பொருளாகிவிடாது என்பது நன்றாகத் தெரியும். அதே நிதானத்தை அயல்நாட்டுப் பெயர்களிடமும் காட்ட வேண்டும்.

ஐந்தாம்படி: கதைக்குள் அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது?

இதுவே என் கணக்கில் நெடுநேரம் தங்க வேண்டிய படி. சில பெயர்கள் வெறும் மணத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. ஃபீலி, கீலி போன்றவை ஒலி இணைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது போலத் தோன்றும். சில பெயர்கள் உருவத்தைத் தருகின்றன. பாம்பர் என்பதன் நார்ஸ் வடிவத்துக்குப் பருத்தவன் என்று பொருள் சொல்வார்கள். நாவலில் பாம்பர்தான் ஆற்றில் விழுந்து உறங்கிப்போய் மற்றவர்களைச் சுமக்கவைக்கும் பருமனான குள்ளர். பட்டியலில் பெயராக மட்டும் கிடந்த ஒருவனுக்கு டோல்கீன் உடலைக் கொடுத்துவிட்டார்.

ஓக் மரக் கேடயத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1937இல் வெளிவந்த நாவலில் தோரினுக்கு அந்த அடைமொழி இருக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை. 1955இல் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இறுதிப் பகுதியின் பின்னிணைப்பில்தான் காரணம் வருகிறது: அசனுல்பிசார் போரில் கேடயம் பிளந்துபோக, இளம் தோரின் கோடரியால் ஓக் மரக் கிளை ஒன்றை வெட்டி, அதை இடக்கையில் ஏந்திப் பகைவரின் வெட்டுகளைத் தடுத்தான். பழைய பாடலில் காரணம் தொலைந்த பெயர். நாவலில் காரணம் சொல்லப்படாத பெயர். பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் காரணப்பெயர். எழுத்தாளர் பெயரிலிருந்து கதையைக் கறந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

கேண்டால்ஃப் என்ற பெயரும் அப்படியே. அதன் முற்பகுதி மந்திரக்கோல் என்றும், பிற்பகுதி எல்ஃப் என்னும் இனத்தவன் என்றும் பொருள்படும். குள்ளர்களின் பட்டியலில் எல்ஃப் என்று பெயர் கொண்ட ஒருவன் ஏன் நிற்கிறான் என்பது வாசிப்பவரை உறுத்தும் கேள்வி. டோல்கீனின் விடை, அவரது மறைவுக்குப் பின் 1980இல் வெளியான குறிப்புகளில் கிடைக்கிறது. கோலூன்றித் திரியும் அந்தக் கிழவரை அவர் கதையுலகின் வடநாட்டு மனிதர்கள் எல்ஃப் என்று தவறாக எண்ணி, ‘கோலுடைய எல்ஃப்’ என்ற பொருளில் அப்படி அழைத்தார்களாம். பழைய பாடலில் இருந்த முரண்பாட்டைக் கதைக்குள் மனிதர்களின் தவறாக மாற்றித் தீர்த்துவைத்திருக்கிறார். டுரின் என்ற பெயரிலும் ஒரு நுட்பமான மாற்றம் உண்டு. பாடலில் குள்ளர்களில் முதலிடம் மோட்சோக்னிருக்கு, டுரின் இரண்டாமவன். டோல்கீன் முதலாமவனை விட்டுவிட்டு, இரண்டாமவனைத் தம் குள்ளர் குலத்தின் முதல் தந்தையாக்கினார்.

பெயரை வைத்துக்கொண்டு குணத்தைத் தலைகீழாக்குவோரும் உண்டு. லாயிட் அலெக்சாண்டர் 1964இல் தொடங்கிய பிரிடெய்ன் நாவல்களில் அராவ்ன் என்பவன் கொடிய மரணத் தலைவன். மபினோகியனில் அராவ்ன் மறுவுலகின் அரசனே என்றாலும் கண்ணியமானவன். புவில் என்ற இளவரசனோடு ஓராண்டு உருமாறி இடம் மாறி, அவனோடு நீங்கா நட்புப் பூண்டவன். இதைப்போலவே பழைய கதையில் தந்திரமும் தவறுகளும் நிறைந்த மாயாவி குவிடியன், நாவலில் அப்பழுக்கற்ற வீரனாகிறான். தொன்மத்தை மட்டும் படித்துவிட்டு நாவலின் மாந்தரை எடைபோட்டால் இரண்டையும் தவறாகப் புரிந்துகொள்வோம்.

சில நேரங்களில் பெயர், கதையின் இரகசியத்தை முன்கூட்டியே உளறிவிடுவதும் உண்டு. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ரீமஸ் லூப்பின் என்ற பள்ளி ஆசிரியரின் முதற்பெயர், ஓநாய் பாலூட்டி வளர்த்த உரோம இரட்டையரில் ஒருவருடையது. இரண்டாம் பெயர் ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வருவது. இலத்தீன் தெரிந்த வாசகர், அவர் ஓநாய்மனிதர் என்ற செய்திக்கு வெகு முன்பே புன்னகைத்திருப்பார். 2007இல் வந்த இறுதி நாவலில் அவர் இரகசிய வானொலியில் பேசும்போது ரோமுலஸ் என்ற புனைபெயரைச் சூடிக்கொள்கிறார். எழுத்தாளரின் நேர்காணல் ஒன்றுமே கிடைக்காதிருந்தாலும் இந்த ஒரு சொல் போதும். பெயர் தெரிந்தே வைக்கப்பட்டது என்பதற்கு நாவலே சாட்சி சொல்கிறது.

ஆறாம்படி: ஒலியொப்புமையிடம் எச்சரிக்கையாக இருங்கள்

உலகச் சொற்கள் எல்லாவற்றையும் ஒலியை மட்டும் கேட்டுத் தமிழிலிருந்து வருவித்துவிடும் அன்பர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். பெயர்த்தேடலில் அந்தச் சபலம் நமக்கும் வரும். டோல்கீனின் தீய தலைவன் சௌரான். கந்தபுராணம் கேட்டு வளர்ந்தவருக்கு உடனே சூரன் நினைவுக்கு வருவான். இருவரும் வரம்பற்ற ஆதிக்கம் விரும்பியவர்கள், இருவரும் பெரும்போரில் வீழ்ந்தவர்கள் என்று ஒற்றுமைகளை அடுக்கவும் முடியும். மேற்கத்திய வாசகர்கள் அதே பெயரில் பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கண்டார்கள். 1967இல் எழுதிய கடித வரைவு ஒன்றில் டோல்கீன் அந்தப் பல்லித் தொடர்பை அடியோடு மறுத்து, அருவருக்கத்தக்கவன் என்ற பொருளில் தம் கற்பனை மொழியின் வேரிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது என்று விளக்கினார். பல்லிக்கே இடமில்லாத இடத்தில் சூரனுக்கு எங்கே இடம்?

ஆனால் அதே வரைவில், இயரெண்டில் என்ற மாலுமியின் பெயர் உண்மையிலேயே வெளியிலிருந்து வந்தது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். எக்ஸிடர் சுவடியில் உள்ள ஒரு பழைய ஆங்கிலக் கிறித்தவப் பாடலில் ‘தேவதூதர்களுள் ஒளிமிக்கவனே’ என்று ‘இயரெண்டல்’ விளிக்கப்படுகிறான். அந்தச் சொல்லின் அழகில் மயங்கி 1914இலேயே அவர் அவனைப் பற்றிக் கவிதை எழுதிவிட்டார். ஒரே எழுத்தாளர், ஒரே கடிதம். ஒரு பெயருக்கு மறுப்பு, இன்னொன்றுக்கு ஒப்புதல். எழுத்தாளரின் பொதுக்கொள்கையை வைத்து முடிவு செய்யாமல் பெயருக்குப் பெயர் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கதை ஒப்புமையும் இதே கண்ணியை வைக்கும். ஆர்கஸ் கொல்லப்பட்ட பின் ஜூனோ அவன் கண்களை மயிலின் தோகையில் பதித்தாள் என்கிறார் ஓவிட். இராமாயண உத்தரகாண்டத்தில், இராவணனுக்கு அஞ்சி மயிலாக மறைந்த இந்திரன், தன் ஆயிரம் கண்கள் அதன் தோகையில் விளங்கட்டும் என்று வரமளிக்கிறான். இரண்டையும் அருகருகே வைத்து வியக்கலாம். ஆனால் அதனால் ஹாக்வார்ட்ஸ் காவலாளியின் பெயர்ப்பட்டியலில் இந்திரனைச் சேர்த்துவிட முடியாது.

ஏழாம்படி: பெயருக்கு ஓர் அட்டை

கண்டவற்றை எழுதிவைக்க நான் பெயருக்கு ஓர் அட்டை வைத்துக்கொள்கிறேன். அதில் மூல எழுத்துக்கூட்டல், அகராதிப் பொருள், தொன்ம நூலின் வரி, வந்த வழிக்கான சான்று, கதைக்குள் அந்தப் பெயர் பெற்ற காரணம் என்று ஐந்து இடங்கள். மூலையில் ஒரு தரக்குறி: எழுத்தாளர் கூற்றோ வரைவோ இருந்தால் ‘உறுதி’, நாவலுக்குள்ளேயே தெளிவான தடயம் இருந்தால் ‘வலுவானது’, ஒலி மட்டும் ஒத்தால் ‘ஒப்புமை’. தொடங்குபவர் கேண்டால்ஃபுக்கும் லூப்பினுக்கும் அட்டை எழுதிப் பழகலாம். முன்னதில் ஐந்து இடங்களும் நிரம்பும், பின்னதில் எந்த இடம் எதைச் சார்ந்து நிற்கிறது என்பது புரியும்.

பாலினின் அட்டை வேறு வகையானது. வோலுஸ்பாவின் பட்டியலில் அவர் இல்லை. ஆர்தர் மன்னன் கதைகளில் பாலின் என்றொரு வீரன் உண்டு. தன் உடன்பிறந்தவன் என்று அறியாமல் பாலானோடு பொருது இருவருமே மடிகிறார்கள். வட இந்தியாவில் பாலி என்று வழங்கும் நம் வாலியும் உடன்பிறந்தவனோடு பொருதவன்தானே என்று மனம் உடனே தாவும். நாவலின் பாலினுக்கோ டுவாலின் என்ற தம்பி இருக்கிறான். அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, பெயர்கள் எதுகை போல இயைந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஆகவே என் அட்டையில் ஆர்தர் கதை வீரன் ‘ஒப்புமை’ என்ற குறியோடு நிற்கிறான். வாலி அட்டைக்கு வெளியே நிற்கிறான். ஐந்தாம் இடத்தில் மட்டும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். குள்ளர்கள் தம் உண்மைப் பெயரை வேற்றினத்தாருக்கு ஒருபோதும் சொல்வதில்லை என்றும், கல்லறையில் கூட அதைப் பொறிப்பதில்லை என்றும், நாம் அறிந்தவை எல்லாம் வடநாட்டு மனிதர்களின் மொழியில் அமைந்த புறப்பெயர்களே என்றும் டோல்கீன் பின்னிணைப்பில் எழுதிவைத்தார். மோரியா என்ற குள்ளர்களின் சுரங்கத்தில் பாலினின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் ‘ஃபுண்டின் மகன் பாலின், மோரியாவின் தலைவன்’ என்று பொறித்திருக்கிறார்கள். தந்தையின் பெயர் எட்டாப் பட்டியலில் உண்டு, மகனின் பெயர் இல்லை.